மாப்ள அனுப்புன எண்ணெய்

எங்கள் வீட்டுச் சமையலறைப் பரணில் பொன்னிற டப்பாக்கள் ஐந்து வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் நாலு லிட்டர். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எம்புட்டு எண்ணெய் வாங்கி வச்சிருக்கீங்க, முறுக்கு யாவாரமா?" என்று கேட்பார்கள். ஒரு தீபாவளிக்கு எதிர்வீட்டு மதினி, அதிரசத்துக்கு மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, கடை பூட்டிக் கிடக்கிறது, ஒரு டப்பா கைமாத்தாகக் கொடு என்று வாசலில் வந்து நின்றாள். "தாராளமா கொண்டு போங்க மதினி. அதிரசம் தின்னவுக எல்லாரும் கிக்கர் அடிக்காமலே ஸ்டார்ட் ஆயிருவாவ" என்றேன். அது எஞ்சின் ஆயில். துபாயிலிருந்து வந்தது. நாலு டப்பாக்களின் மூடி திறக்கவே இல்லை. ஒன்றில் மட்டும் கால்வாசி குறைந்திருக்கும். இவற்றைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்த்தார். நிலக்கரி, மரத்தடி, உப்பு மூட்டை என்று லாரிகள் வந்து ஏறி நிற்கும், எடை போட்டுச் சீட்டுக் கொடுக்கவேண்டும். ஆள் பரம சாது. யார் என்ன சொன்னாலும் "செரி" என்பார். குழம்பில் உப்புப் போட மறந்திருந்தால்கூட வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போய்விடுவார். பிறகு நான் உட்கார்ந்து ஒரு வாய் வைக்கும்போதுதான் எனக்குத் தெரியும். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? சொல்லப்படாதா?" என்று கத்துவேன். "சொன்னா ஒனக்கு மனசு சங்கடப்படும்லா" என்பார். எனக்கு இன்னும் ஆத்திரமாக வரும். உப்பில்லாததைவிட அந்தப் பதில்தான் எனக்கு ஆகாது.

ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் அதே மனிதர் வேறு ஆள். எந்த மெக்கானிக்கையும் ஆயில் மாற்ற விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுவார். ஹார்பர் ரோட்டில் ஒரு பக்கம் கரித்தூள், ஒரு பக்கம் உப்பளத்துக் காற்று. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இருக்கும் கணக்கெல்லாம் நல்ல காற்றில் ஓட்டுகிறவனுக்குத்தான் என்று சொல்லி, காற்று வடிகட்டும் ஸ்பாஞ்சை அவர் அடிக்கடி கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசுவார். அதை என் சேலைக்குப் பக்கத்தில் கொடியில் காயப்போடுவார். அதற்கு ஒரு சண்டை. ஆயிலையும் அதோடு கட்டைவிரல் தண்டியில் இருக்கும் காகித ஃபில்டரையும் சேர்த்தேதான் மாற்றுவார். புது எண்ணெயைப் பழைய ஃபில்டரில் விடுவது, குளித்துவிட்டு அழுக்குத் துணியை உடுத்துகிற மாதிரியாம்.

அதை வாங்கப் போகிற அழகைப் பார்க்கவேண்டும். டப்பிக்குள் இருக்கும் ஃபில்டரை எடுத்து மடிப்பு மடிப்பாக எண்ணுகிறவர் போலத் திருப்புவார், ரப்பரை நகத்தால் அழுத்துவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். டப்பி ஒரே மாதிரி அச்சடித்து உள்ளே போலி வைத்து விற்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். "பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டு நேரம் பாக்கமாட்டாவ, வேய்" என்பார் கடை அண்ணாச்சி. ஆயில் டப்பாவை இவர் முன்பக்கம் பார்க்கவே மாட்டார். நேரே பின்பக்கம் திருப்புவார். நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கனம் இருக்கிறதா, அதன் கீழே பொடி எழுத்தில் எம்.ஏ. என்று போட்டிருக்கிறதா, இரண்டுதான் அவருக்கு வேண்டும். "ஏன், எண்ணெய் எம்.ஏ. படிச்சிருக்கணுமாக்கும்?" என்று ஒருநாள் கேலி செய்தேன். அவர் கேலியைக் காதில் வாங்காமல் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "கார்ல கிளட்சு தனியா காஞ்சு கெடக்கும். பைக்குல அது எண்ணெய்க்குள்ளயே முங்கிக் கெடக்கு பாத்துக்க. கார் எண்ணெயில நல்லா வழுக்கணும்னே என்னத்தயாவது சேத்திருப்பான். அத இதுல ஊத்துனா கிளட்சு பிடிக்காது. எஞ்சின் மட்டும் கெடந்து கத்தும், வண்டி நவுறாது. அதுக்குத்தான் இந்த ரெண்டு எழுத்து." சாமி, நான் கேட்டது தப்பு என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் அது மறக்கவில்லை. அது மறக்காமல் இருந்ததும் நல்லதாகப் போயிற்று.

அந்த வண்டி எங்கள் அப்பாவுடையது. அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். என் தம்பி வண்டி ஓட்டப் பழகியது அதில்தான். காலேஜ் முடித்ததும் துபாய்க்குப் போய்விட்டான். அப்பாவுக்கு சர்க்கரையால் கண் மங்கிப்போக, இனி ஓட்டமுடியாது என்றானதும் சாவியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். தம்பி போனில் கேட்டான்: "நான் வந்து ஓட்டுவேன்லா, அதுக்குள்ள என்ன அவசரம்?" அப்பாவுக்கும் வாய் சும்மா இருக்காது. "நீ வாரதுக்குள்ள அது துருப்பிடிச்சுப் போவும்லே. வண்டியப் பாத்துக்கிடுதவன்ட்டதான் குடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு சொல் அவனைக் குத்திவிட்டது. அப்பாவிடம் கோபப்பட அவனால் முடியாது. கோபத்தை அத்தான் மேல் திருப்பிக்கொண்டான்.

அப்பா இறந்தபோது வந்தான். காரியமெல்லாம் முறையாகச் செய்தான். பதினாறாம் நாள் முடிந்ததும் இவர் சாவியைக் கொண்டுபோய் அவன் முன்னால் நீட்டினார். "மாப்ள, இது ஒங்க வீட்டு வண்டி." அவன் வாங்கவில்லை. "அப்பா ஒங்களுக்குத்தான குடுத்தாவ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதன்பிறகு இரண்டு வருஷம் ஒரு பேச்சு கிடையாது. தப்பித்தவறி இவர் போனை எடுத்துவிட்டால், "அக்காட்ட குடுங்க." அவ்வளவுதான். எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியும் புருஷனும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? நல்லது கெட்டது ஒன்றையும் நினைக்கவே பயமாக இருந்தது.

அப்படி இருக்கையில் கப்பல் கார்கோவில் ஒரு பெட்டி வந்தது. பேரீச்சம்பழம், பால்பவுடர், போர்வை, சோப்பு. அடியில் துண்டு சுற்றி ஒரு பொன்னிற டப்பா. அன்று மாலையே வீடியோ காலில் கூப்பிட்டான். "அக்கா, அந்த ஆயில் அத்தானுக்கு. அப்பா வண்டிக்கு ஊத்தச் சொல்லு. இங்கன உள்ளதுலயே ஒசந்த ஐட்டம்." பேசிக்கொண்டே இருந்தவன், சட்டென்று, "அத்தான் இல்லியா?" என்றான். நான் பாதி சந்தோஷத்திலும் பாதி பதற்றத்திலும் போனை இவர் கையில் திணித்தேன். இவர் வழக்கம்போல டப்பாவைப் பின்பக்கம் திருப்பிப் படித்தார். முன்பக்கத்தில் கார் படம் போட்டிருந்தது எனக்கே தெரிந்தது. பாவி மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை அடக்கத் தெரியாதவராயிற்றே!

இவர் டப்பாவைக் கீழே வைத்தார். "அருமையான எண்ணெய் மாப்ள. இன்னிக்கே மாத்திருதேன்" என்றார். சொன்னதோடு விட்டாரா? போனை ஜன்னலில் சாய்த்து வைக்கச் சொல்லி, அவன் பார்க்கப் பார்க்க, முந்தின மாதம்தான் மாற்றியிருந்த நல்ல எண்ணெயை வடித்துவிட்டு, புது ஃபில்டரை வழக்கம்போலத் திருப்பி, நகத்தால் அழுத்திப் பார்த்துப் போட்டு, அந்தப் பொன்னிற டப்பாவைச் சாய்த்து ஊற்றினார். அங்கே தம்பி மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், "செரி அத்தான், வைக்கட்டா" என்றான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் இவரை நேராக அத்தான் என்று கூப்பிட்டதைக் கேட்டேன். அடுப்பங்கரையில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் 'ஙொய்' என்று கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. பின்னால் வந்த ஆட்டோக்காரர், "அண்ணாச்சி, எறங்கித் தள்ளுங்க" என்கிறார். பாலத்தில் பாதியில் இறங்கி இரண்டு பேரும் தள்ளினோம். தம்பி பேசிய சந்தோஷத்தில் அந்தக் கார் படத்தை நான் மறந்தே போயிருந்தேன். "இது கார் எண்ணெய்லா? தெரிஞ்சேவா ஊத்துனீங்க? கோட்டி பிடிச்சிருக்கா ஒங்களுக்கு?"

"தெரிஞ்சுதான் ஊத்துனேன்" என்றார், தள்ளிக்கொண்டே. "ஏளா, அவன் எனக்கா ஊத்துதான்? அவன் அப்பாவுக்கு ஊத்துதான். அதப் போயி சரியில்லன்னு சொல்லச் சொல்லுதியா?"

"பைக்குக்கு உள்ளத அனுப்புன்னு பதமாச் சொன்னா என்ன?"

"சொன்னா மறுபடியும் வண்டிக்கு வேண்டியவன் நான், அவன் யாரோன்னு ஆயிரும். மாமா சொன்ன அதே சொல்லுதான். விடு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அதை வடித்துவிட்டு அண்ணாச்சி கடை எண்ணெயை ஊற்றினார். கிளட்ச் பிளேட்டும் மாற்றவேண்டியதாயிற்று. மீதி டப்பா பரணுக்குப் போனது. அதன்பிறகு வருஷம் ஒன்று தவறாமல் வந்தது. அடுத்த தெருவில் கார் வைத்திருக்கிறவர் விலைக்குக் கேட்டார். "மாப்ள அனுப்புனது. குடுக்கமுடியாது" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார் இவர். அவர் ஒருவரிடம் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

எண்ணெய் வந்துவிட்டதா என்று தம்பி கூப்பிடுவான். வந்ததும் எப்படி இருக்கிறது என்று கூப்பிடுவான். இவர் சத்தம் எப்படிக் குறைந்திருக்கிறது, மைலேஜ் எப்படி ஏறியிருக்கிறது என்று கூச்சமில்லாமல் அளப்பார். எண்ணெயில் ஆரம்பித்த பேச்சு மெல்ல மெல்ல அவன் பிள்ளையின் காய்ச்சல், அங்கே வேலையில் உள்ள தொல்லை, ஊரில் மழை என்று நீண்டது. கடைசியில் என்னை மறந்துவிட்டு அவர்கள் இரண்டு பேரும்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். லீவுக்கு வந்தபோது அவனே வண்டியை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போய் மீன் வாங்கி வந்தான். "வெண்ணெ மாதிரி போவுதுக்கா! நம்ம எண்ணெய் வேலயக் காட்டுதுல்லா அத்தான்?" "பின்ன? ஒன் எண்ணெய்லா!" என்றார் இவர், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அவன் வருமுன்பே பரணுக்குத் திரையைப் போட்டு மறைத்திருந்த நான், சிரிப்பை அடக்க முடியாமல் புறவாசலுக்கு ஓடினேன்.

அவர் போய்விட்டார். வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான். அப்போது கப்பலில் இருந்த ஐந்தாவது டப்பா, அவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு வந்து இறங்கியது. அதை நான்தான் பரணில் ஏற்றினேன்.

போன வருஷம் தம்பி துபாயை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து அப்பாவின் கடையைத் திறந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைலியோடு வந்து நின்றான். "வண்டிய அப்படியே போட்டு வைக்கக்கூடாதுக்கா. நான் ஆயில் மாத்துதேன்." முற்றத்தில் உட்கார்ந்து அடியில் இருந்த நட்டைக் கழற்றினான். அவர் கடைசியாக ஊற்றிய எண்ணெய் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது அவன் நிமிர்ந்து, "நான் கடைசியா அனுப்புன டப்பா இருக்கும்லா, அத எடுக்கா. அத்தான் பாக்காமலே போயிட்டாவ. நான் என் கையால ஊத்துதேன்" என்றான்.

எடுத்துக் கொடுத்தால் அவர் கண்ணாகப் பார்த்த வண்டி பாழாகும். சொன்னால் அவர் அத்தனை வருஷம் காப்பாற்றியது பாழாகும். நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு அவனே உள்ளே போய் ஸ்டூலைப் போட்டு ஏறித் திரையை விலக்கினான். வரிசையாக ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றின் மூடியையும் தொட்டுப் பார்த்தான். திரும்பியபோது அவன் முகம் பதினாறாம் நாள் பார்த்த அதே முகம்.

"ஊத்தவே இல்லியா?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கார் எண்ணெய், கிளட்ச், மேம்பாலத்தில் தள்ளியது, எல்லாம். அவன் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டான். திறந்திருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்பக்கம் திருப்பி நெடுநேரம் படித்தான்.

"மொதத் தடவ ஊத்துனாவளே, தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா அக்கா. நான் என்ன வேத்தாளா?"

"சொல்லிருந்தா அடுத்த போன்ல அவர்ட்ட என்னலே பேசிருப்பே?" என்றேன்.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான். தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தே அண்ணாச்சி கடைக்குப் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு லிட்டர் டப்பாவும் ஒரு ஃபில்டரும் இருந்தன. முற்றத்தில் உட்கார்ந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தான். ஃபில்டரை எடுத்து மடிப்பு மடிப்பாகத் திருப்பினான். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்தான். அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீடியோ காலில் பார்த்திருப்பான்.

இப்போது அந்த வண்டியில்தான் கடைக்குப் போகிறான். பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது பரணைக் காலி பண்ணவேண்டியிருந்தது. அடுத்த தெருக் கார்க்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிடட்டுமா என்று தம்பியிடம் கேட்டேன். அவன் ஒவ்வொரு டப்பாவாகத் துடைத்து மறுபடியும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"குடுக்கமுடியாதுக்கா" என்றான். "அது அத்தானுக்கு அனுப்புனது."