பருப்பில் கலந்த சாறு

ஈரலை நான் இன்றும் சமைப்பதில்லை. சைவமாகிவிட்டேன் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை. விளக்கம் சொல்ல அலுப்பாக இருக்கிறது.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குச் சில வருடங்கள் முந்தி, ரிவியேர் தே ஸாங்கீ என்ற ஊரில் ஒரு மருந்தகத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் மதியச் சாப்பாடு போடும் வேலை எனக்கு. கரும்புத் தோட்டத்துப் பெண்கள் பலருக்குத் தீராத இரத்தசோகை. மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்; வெறும் வயிற்றில் குமட்டுகிறது என்று பெண்கள் நிறுத்திவிட்டார்கள். அதனால் சாப்பாட்டையே மருந்தாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பருப்பு, முருங்கைக்கீரை, பால்மாவு கரைத்த பால், வாரத்தில் இரண்டு நாள் ஆட்டீரல். எதையும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. என் கண்ணெதிரே சாப்பிட வேண்டும். வீட்டுக்குப் போனால் அது புருஷன் தட்டுக்கும் பிள்ளைகள் தட்டுக்கும் போய்விடும் என்பது ஊரறிந்த சங்கதி.

வளர்ந்த மனுஷிகளை உட்காரவைத்து, மிச்சம் வைக்காதே என்று மிரட்டும் உத்தியோகம். முதல் வருடம் பெருமையாக இருந்தது. அப்புறம் கால்வலிதான் மிஞ்சியது.

அங்கே வந்தவர்களில் ஒருவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், களையெடுக்கும் கூட்டத்தில் வேலை. அவர் என்னை, கல்யாணமாகாத பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல், மாம்ஸெல் என்பார். மாதம் ஒருமுறை விரல் நுனியில் குத்தி ஒற்றுத்தாளில் ஒரு சொட்டு எடுத்து, அட்டையிலுள்ள சிவப்புக் கட்டங்களோடு ஒப்பிடுவோம். அவர் சொட்டு வெளிறிய கட்டத்தில்தான் நிற்கும். இதயம் களைத்துவிட்டது, இனி ரத்தம் இறங்கினால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். நான்கு மாதம் ஊட்டாத குறையாகச் சாப்பிடவைத்தேன். இரண்டு கட்டம் ஏறியது. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவருக்கும் சந்தோஷம்தான். உடம்பு தேறினால் காவடிக்குப் பால் சொம்பு தூக்குவதாக வேண்டியிருந்தாராம். அதற்குப் பத்து நாள் விரதம். கரேம் என்று நாங்கள் சொல்வோம். கவுச்சி கிடையாது, சாப்பாடு ஒரு வேளை.

நானும் அந்தப் பத்து நாள் கரேமில்தான் இருந்தேன். என் ஊரான தேர் ரூஜில் எங்கள் வீட்டில் எல்லோரும் விரதம் இருப்பார்கள். அதனால் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஈரலை நிறுத்திவிட்டுக் கீரையையும் பருப்பையும் கூட்டியிருந்தால் போதும். மற்றவர்களுக்கு அப்படித்தான் செய்தேன். ஆனால் மூன்றாம் நாள் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. விரலைக் குத்திப் பார்த்தேன். ஒரு கட்டம் இறங்கியிருந்தது. பயந்துபோனேன். மறுநாள் ஈரலை வேகவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை அவர் கிண்ணத்துப் பருப்பில் மட்டும் கலந்தேன். புளியும் கொத்தமல்லியும் தூக்கலாகப் போட்டேன். விரதம் கெடக்கூடாது என்று நான் ருசிகூடப் பார்க்கவில்லை. என்னுடைய விரதத்தைச் சொல்கிறேன்.

ஏழு நாள் அப்படிக் கொடுத்தேன். மறுபேச்சு இல்லாமல் குடித்தார்.

காவடியன்று நானும் அக்கா போன கோவிலுக்கே சொம்பு தூக்கினேன். ஆற்றங்கரையிலிருந்து தார் சாலையில் நடை, உச்சி வெயில். விரதம் சுத்தமாக இருந்தால் பால் திரியாது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. என் பால் திரியவில்லை. அக்காவின் சொம்பைச் சாய்த்தபோது கட்டிகட்டியாக விழுந்தது. வெயில்தான் காரணம், வேறென்ன? ஆனால் சுற்றி நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா தலை நிமிரவில்லை.

அதன் பிறகு அவர் கொட்டகைக்கு வரவில்லை. பரிகாரமாக ஒரு வருடம் ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல் என்று நேர்ந்துகொண்டாராம். மற்றப் பெண்கள் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால் அவர் மனம் ஆறும். ஆனால் ஒருத்தியும் என் சாப்பாட்டைத் தொடமாட்டாள். இப்படிக் கணக்குப் போட்டே ஒரு மாதத்தைக் கடத்தினேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த பெயர் பொறுப்பு.

கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவருகே சுவரில் சாய்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். பாவம் என்னுடையது, உங்களுடையது அல்ல, நாளையே வாருங்கள், வெறும் கீரைதான் போடுவேன் என்று கெஞ்சினேன். நாங்கள் எப்போதும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் பேசுவோம். சாமி விஷயம் என்பதாலோ என்னவோ, அன்று அவர் தமிழில் பதில் சொன்னார்.

"வாசம் தெரியும், மாம்ஸெல். மொதல் நாளே தெரியும். பிள்ளைங்களுக்கு நான் வேணும். தெரிஞ்சுதான் குடிச்சேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கீரையை ஆய்ந்து முடித்து, ஒரு பாதியைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். நேர்த்தி முடியட்டும், ஒரு வருடம் கழித்து வருகிறேன் என்றார்.

அடுத்த கரும்பு வெட்டு முடியுமுன் அவர் போய்விட்டார். கொட்டகையில் அன்றும் சாப்பாடு போட்டேன். எல்லோரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள்.