டாக்டர் என்னிடம் கேட்காத கேள்வி

அந்த வருஷம் வேன் சாவியைத் திருப்பவே எனக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. எஸ்டேட் தொழிலாளர் லயங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவது என் வேலை. முடக்குவாதம் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் போடும் மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள். ஏழு மாதமாகியும் விரல் கணுக்களில் வீக்கம் வடியவில்லை.

பிள்ளைகளை இறக்கிவிட்டதும் செம்பனை மரங்களுக்கு நடுவே வேனை நிறுத்தி சிகரெட் பிடிப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு. கணவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே பிடிப்பார். நான் பிடிப்பது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் என் முறைக்காகக் காத்திருந்தேன். உள்ளே ஒரு லோரிக்காரர், அவருக்கும் முடக்குவாதம்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"அங்கிள், சிகரெட்ட விடலன்னா இந்த மருந்து ஒழுங்கா வேலை செய்யாது லா," என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி உட்கார்ந்தேன். என்னைக் கூப்பிட்டார்கள். டாக்டர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வலியைப் பற்றிக் கேட்டார், தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். சிகரெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. "இன்னொரு மருந்து சேர்க்கறேன் ஆன்ட்டி," என்று எழுதிக் கொடுத்தார்.

மருந்து வாங்கும் இடத்தில் என் எண்ணைக் கூப்பிட்டும் நான் போகவில்லை. திரும்பி நடந்து கதவைத் தட்டினேன்.

"டாக்டர், நானும் சிகரெட் பிடிப்பேன். பதினஞ்சு வருஷமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் ஆன்ட்டி சொல்லல?"

"நீங்க கேக்கல."

அவர் முகம் சிவந்தது. "கேட்டிருக்கணும். என் தப்புதான். அது மட்டுந்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா விட்டுப் பாருங்க. புது மருந்தையும் நிறுத்தாதீங்க."

அன்று மாலையே கணவரிடம் சொன்னேன்.

"பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பழக்கம்?"

"வீங்குறது என் கை. நீங்க இனிமே வெளிய போய்ப் பிடிங்க. அந்த வாசம் வந்தா என்னால விட முடியாது."

மூன்றாம் நாள் அவர் கூடத்து நாற்காலியைத் தூக்கி வேலியோரம் போட்டுக்கொண்டார்.

சிகரெட்டை விட்ட முதல் வாரங்களில் எரிந்து விழுந்தேன். வேனை ஓட்டாத நேரத்தில் கண்ணாடியைத் துடைப்பேன், இருக்கைகளைத் துடைப்பேன், துடைத்ததையே துடைப்பேன். ஒருமுறை செகிஞ்சான் என்ற மீனவ ஊருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனபோது, மீன்பிடித் துறையில் ஒருவரிடம் வாங்கி இரண்டு சிகரெட் பிடித்துவிட்டேன். அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சொன்னேன். "பரவால்ல, திரும்ப ஆரம்பிங்க," என்றார்.

ஐந்தாவது மாதம் வீக்கம் இறங்கியது. புது மருந்தாலா, சிகரெட்டை விட்டதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். வலது சுண்டுவிரல் வளைந்தது வளைந்ததுதான். மற்ற விரல்களை மடக்க முடிகிறது. செம்பனை ஓரத்தில் இப்போது வேனை நிறுத்துவதில்லை, நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.