தெரு மாற முடியாத நாள்

சுடலைமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தண்ணீர்க் குழாயடியில் மூன்றாவது குடத்துக்காக நின்றுகொண்டிருந்தேன். பேத்தி கோமதி போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள். "ஆச்சி, அண்ணாச்சித் தாத்தா போயிட்டாவளாம். வாட்ஸ்அப்புல வந்திருக்கு" என்றாள். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பின்னால் நின்றவள்தான் எட்டி மூடினாள். இந்த இரண்டு வருடத்தில் எத்தனை சாவு வீடுகளுக்குப் போய் வந்துவிட்டேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அண்ணாச்சியைச் சங்கரன்கோவிலில் தெரியாதவர்கள் இல்லை. கவுன்சிலராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், கடைசி வரைக்கும் ஓட்டு வீட்டில் இருந்தவர் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் நான் எழுதுகிறேன்.

எங்கள் வார்டு பெண்கள் வார்டாக மாறிய வருடம், நான் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தபோது வந்து வாசலில் நின்றார். "ஆறுமுகத்தாயி, எலெக்சன்ல நீ நில்லு" என்றார். நான் சிரித்துவிட்டேன். "நான் அஞ்சாப்பு அண்ணாச்சி" என்றேன். "அங்கன போயி பரீட்சையா எழுதப் போற? தண்ணி வரலைன்னா சத்தம் போடத் தெரியுமுல்லா, அது போதும்" என்றார். நின்றேன், ஜெயித்தேன்.

முதல் கூட்டத்தில் தீர்மானங்களை வரிசையாக வாசித்தார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். வெளியே வந்ததும் அண்ணாச்சி கேட்டார்.

"எதுக்கும்மா கை தூக்குன?"

"எல்லாரும் தூக்குனாவ அண்ணாச்சி."

"பஸ்ஸுலகூடத்தான் எல்லாரும் கையத் தூக்கிக் கம்பியப் பிடிச்சிட்டு நிக்கான். அவன் விழுந்திரக் கூடாதுன்னு தூக்குதான். நீ எதுக்குத் தூக்குன?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்துவிட்டு அவரே இறங்கி வந்தார். "புரியலைன்னா இன்னொரு மட்டம் வாசிக்கச் சொல்லு. வாசிக்கவன் அலுத்துக்கிடட்டும், நீ அலுக்காமக் கேளு. அப்பவும் புரியலையா, நாளைக்குன்னு சொல்லு. மாட்டேன்னு சொல்ல ஒனக்குப் பயமா இருக்கும். நாளைக்குன்னு சொல்ல எவளுக்கும் பயம் கிடையாது" என்றார். ஐந்து வருடமும் அந்த ஒரு சொல்லை வைத்தே காலம் தள்ளினேன். 'நாளைக்கு ஆச்சி' என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள்.

அண்ணாச்சி எல்லா நேரமும் இனிப்பானவர் இல்லை. என் வீட்டு வாசலுக்கென்று நான் கேட்டு வாங்கிய குழாயை, கடைசித் தெருவுக்கு மாற்றச் சொன்னவர் அவர்தான். "தண்ணி கடைசி வீட்டுக்கு வந்தா முதல் வீட்டுக்கும் வந்துட்டுன்னு அர்த்தம். முதல் வீட்டுல வந்தா ஒண்ணுக்கும் அர்த்தம் கிடையாது" என்றார். அதற்காக இரண்டு வருடம் அவரோடு நான் பேசவில்லை. அவர் பாட்டுக்கு வருவார், "என்னம்மா, கோவம் இன்னும் இருக்கா?" என்று வாசலிலேயே கேட்பார், நான் உள்ளே பாத்திரத்தை உருட்டுவேன். "இருக்கு போல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவருக்குப் பிடிக்காத ஒன்று இருந்தது. தன் படம் போட்ட போர்டு எந்தத் தெரு முக்கில் இருந்தாலும் அந்த வழியாகப் போக மாட்டார். வேறு தெருவில் திரும்பிவிடுவார். கூட்டத்துக்கு நேரமானாலும் சுற்றித்தான் போவார். வரவேற்க மாலையோடு நின்றவர்கள் நின்றபடியே இருப்பார்கள். ஒரு நாள் கூடவே நடந்த நான் கால் வலியில் புலம்பினேன். "ஒங்க படத்தப் பாக்க ஒங்களுக்கே வெக்கமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வெக்கமில்லம்மா. அந்த அஞ்சலி போர்டுகளப் பாத்திருக்கியா? செத்தவன் ஒருத்தன் நடுவுல இருப்பான். அவனச் சுத்தி இருவது பேரு சிரிச்சிட்டு இருப்பான். எனக்காக அழணும்னு நெனைக்கவன் அவன் வீட்டுல அழட்டும். ரோட்டுல நின்னு சிரிக்க வேண்டாம். நீயாவது பாத்துக்கோ" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றேன். கேட்டது அவர், வாக்குக் கொடுத்தது நான்.

அவர் போன அன்று காலையில் வட்டச் செயலாளர் மாரியப்பன் வீட்டுக்கு வந்தான். "ஆச்சி, வார்டு சார்பா அண்ணாச்சிக்குச் செய்யுததுல ஒங்க பேரையும் சேத்துக்கிடட்டுமா?" என்றான். "சேத்துக்கோடே" என்றேன். என்ன செய்கிறார்கள், எங்கே செய்கிறார்கள் என்று கேட்கவில்லை. அவரிடம் படித்த ஒரே பாடத்தை அவர் செத்த அன்றே மறந்தேன். உடம்பு அலுப்பு என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் முக்குக்கு வந்து பார்க்கிறேன். இரண்டு சவுக்குக் கம்புகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு பிளக்ஸ். நடுவில் அண்ணாச்சி. கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள். அதில் மூன்றாவது நான். ஜெயித்த அன்று மாலையும் கழுத்துமாக எடுத்த படம், பல்லெல்லாம் தெரிய.

பக்கத்தில் கோமதி நின்றாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் பிள்ளை, பிளக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். "நான்தான் ஆச்சி டிசைன் பண்ணுனேன். பழைய போட்டோ, கண்ணே தெரியல. நானே சரி பண்ணுனேன். நல்லா இருக்கா?" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது. அண்ணாச்சி இப்போது வாய் திறந்து "என்னம்மா" என்பார் போல இருந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, மறைப்பானேன். அதற்குள் மேலத் தெருவில் மேளச் சத்தம் கேட்டுவிட்டது. அண்ணாச்சியை ஏற்றிய ரதம் கிளம்பிவிட்டது.

"மாரியப்பா, இதக் கழட்டு."

"என்ன ஆச்சி சொல்லுதிய? ஊரே வச்சிருக்கு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிப் பாருங்க."

"ஊரு வச்சதுக்கு ஊரு பதில் சொல்லட்டும்டே. இதுல என் மூஞ்சி இருக்கு."

"அண்ணாச்சி எந்திரிச்சு வந்து பாக்கவா போறாவ?"

"பாத்தா வேற தெருவுல போயிருவாவ. இன்னைக்கு அவுகளால தெரு மாற முடியாதுலே."

யாரும் நகரவில்லை. கோமதிதான் ஏணியை இழுத்துப்போட்டு ஏறினாள். தன் கையால் செய்ததைத் தன் கையால் அறுத்து இறக்கினாள். சுருட்டும்போது, "என்கிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கலாம்லா ஆச்சி" என்றாள். சொல்லியிருக்கலாம்.

ரதம் எங்கள் முக்கைக் கடந்தபோது வெறும் கம்பு இரண்டும் நின்றன. நடுவில் வானம் தெரிந்தது. வழியில் வேறு எத்தனை முக்கில் எத்தனை போர்டு இருந்ததோ, நான் கூடவே போய்ப் பார்க்கவில்லை. என்னால் முடிந்தது ஒரு முக்கு. கோமதி அந்தச் சுருளைப் பரணில் போட்டிருக்கிறாள். பிரித்துக் காட்டு என்று நான் இன்னும் கேட்கவில்லை. என்றைக்காவது கேட்பேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் மாரியப்பன் ஒரு தாளோடு வந்தான். அண்ணாச்சிக்குச் சிலை வைக்க மனு. வார்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"வாசி" என்றேன். வாசித்தான்.

"இன்னொரு மட்டம் வாசி." முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி வாசித்தான்.

"எங்கன வைக்கப் போறோம்னு இதுல இல்லையேடே?"

"அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம் ஆச்சி."

"அப்ப நாளைக்கு வா" என்றேன்.

இதுவரை நான்கு முறை வந்துவிட்டான். வரும்போதெல்லாம் காப்பி போட்டுக் கொடுக்கிறேன், குடித்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போகிறான். அண்ணாச்சியிடமிருந்து துண்டு, பேனா என்று எதுவும் நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சொல்தான் என்னிடம் மிச்சம். முழங்காலும் கண்ணும் ஓய்ந்துவிட்டன. 'நாளைக்கு' என்று சொல்ல மட்டும் இன்னும் தெம்பு இருக்கிறது.