தெய்வானை மிஸ்ஸும் புல் வெட்டும் மெஷினும்

சனிக்கிழமை காலை நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தோம். தலைமை ஆசிரியை வாசலில் வந்து நின்றார். "தெய்வானை மிஸ் தவறிட்டாங்கத்தா" என்றார். மானகிரியில் இருக்கும் அவர் வீட்டில், விடியற்காலையில், மாரடைப்பு. கையில் பசை காய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். நம் விளையாட்டு ஆசிரியையை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தவரை இங்கே எழுதுகிறேன்.

நம் மைதானம் முன்பு வெறும் சரளைக்கல். மிஸ்தான் அருகம்புல் பதித்து அதைப் பச்சையாக்கினார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருவர், பின்னால் நடந்துகொண்டே தள்ளும் பெட்ரோல் மெஷின் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். புல் வெட்டி முடித்ததும், அதன் அடியில் அப்பியதைச் சுரண்டிவிட்டுத்தான் மிஸ் தண்ணீர் குடிப்பார். பிளேடைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றிவிடுவார். அரத்தால் தீட்டிய பிளேடைச் சுவரிலிருக்கும் ஆணியில் நடு ஓட்டை வழியாக மாட்டுவார். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் அராவுவார். அது சமமாக நிற்கும்வரை எங்களைப் பேசவும் விடமாட்டார்.

"மொட்டைப் பிளேடு வெட்டாதுத்தா, பிச்சு எடுக்கும். மறுநா பாரு, புல்லு நுனியெல்லாம் காஞ்சு கெடக்கும்" என்பார்.

"எங்களைக்கூட நீங்க இம்புட்டு அக்கறையாப் பாக்க மாட்டீக மிஸ்" என்று ஒருமுறை எங்கள் அணியின் கோமதி சொன்னாள்.

"ஒன் தலையில யாரும் பந்து வெளையாடப் போறதில்லடி."

போன ஆண்டு ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், முதல்முறையாக ஒரு கால்பந்துப் போட்டி நம் மைதானத்தில் நடக்கவிருந்தது. அதுவரை நாங்கள்தான் வேறு பள்ளிகளுக்குப் போய் ஆடினோம். போட்டிக்கு முந்தைய நாள் காலை, மழைக்கு வளர்ந்த புல் கணுக்கால்வரை நின்றது. மிஸ் மெஷினின் கயிற்றை இழுத்தார். அது பாதியில் இறுகி நின்றுவிட்டது. திரும்பவும் இழுத்தார், அசையவில்லை.

தலைமை ஆசிரியை வந்து பார்த்தார். "என்ன மிஸ், பிள்ளைக எதையும் நோண்டிருச்சுகளா? மேட்ச்சை அந்த ஸ்கூலுக்கே மாத்திச் சொல்லிரவா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மிஸ் காற்று ஃபில்டரைக் கழற்றினார். எண்ணெய் சொட்டியது. அதைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தார்.

"பிள்ளைக தொடல டீச்சர். நாந்தான் செஞ்சேன். பூசையன்னைக்குப் பிளேடுக்குப் பொட்டு வச்சு, எல்லாரும் பாக்கட்டும்னு சாய்ச்சு வச்சேன். ஃபில்டர் பக்கம் மேல இருக்கணும். தெரிஞ்சும் கீழ போட்டுட்டேன். ஆயிலு உள்ள எறங்கிருச்சு. மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

ஆட்டத்தின் கோல் கணக்கை அறிவிக்கும் அதே குரலில்தான் இதையும் சொன்னார். தவற்றை ஒப்புக்கொள்ளும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் தாழ்த்தவில்லை.

பிறகு பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையின் மேல் பழந்துணியைப் போட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்தார். உள்ளே தேங்கிய எண்ணெய் துணியில் பீச்சியடித்தது. ஃபில்டர் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் வைத்தார். குறைந்த எண்ணெயை ஊற்றி அளவு பார்த்தார். மதியம் கயிற்றை இழுத்ததும் மெஷின் இருமி, வெள்ளைப் புகையைக் கக்கியது. நாங்கள் பின்வாங்கினோம்.

"எதுக்கு ஓடுறீக? உள்ள போன ஆயிலு எரியுது. எரிஞ்சு தீரட்டும்" என்று கைப்பிடியை விடாமல் நின்றார். புகை மெலிந்தது. மாலைக்குள் மைதானம் முழுவதையும் வெட்டிவிட்டார்.

மறுநாள் நாங்கள் தோற்றோம். ஆனால் நம் மைதானத்தில் தோற்றோம். எதிரணிப் பெண் ஒருத்தி விழுந்து எழுந்து முழங்காலைப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அணி முழுவதும் கேட்க அவர் சொன்ன "நாந்தான் செஞ்சேன்". அப்படிச் சொல்பவர்களைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். கையில் எண்ணெயோடு ஒருவர் சொல்லி நேரில் கேட்டது அன்றுதான்.