எந்தக் கொட்டானாலும் சரி

என் வீட்டுக்காரர் கன்னையாவைக் கிள்ளானில் சினிமாக் கன்னையா என்றால்தான் தெரியும். அவர் சினிமாவில் நடித்தவர் இல்லை. கொட்டகைக்குப் படம் வந்தால், இரண்டு பக்கமும் படத்தட்டி கட்டிய மாட்டுவண்டியில் உட்கார்ந்து தப்புப் பறை அடித்துக்கொண்டு ஊரைச் சுற்றுவார். பக்கத்தில் ஒருவர் தகரக் குழாயில் படத்தின் பேரைச் சொல்லுவார். பேர் சொல்லும் ஆள் மாறுவார். கொட்டுகிறவர் எப்போதும் இவர்தான்.

ரவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பத்து வயதிலிருந்து சாவு வீடுகளில் அடித்தார். அங்கே சாப்பாட்டைத் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள் என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கிள்ளானுக்கு வந்து கொட்டகையில் வேலை கிடைத்த அன்றே, இனிச் சாவுக்கு அடிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். என் அப்பா இறந்தபோதும் பாடைக்குத் தோள் கொடுத்தாரே தவிர தப்பைத் தொடவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கொட்டகையில் இடைவேளை முடிந்ததும் அடுத்த படத்திலிருந்து ஒரு துண்டு ஓட்டுவார்கள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கும்போது இவர் பின்சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கேட்டு முடித்த பிறகுதான் அந்தப் படத்துக்கு என்ன கொட்டு என்று முடிவு செய்வார். அழுகைப் படத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று, சாமி படத்துக்கு ஒன்று. அடுப்படியில் இருக்கும் பெண்கள் எட்டிப் பார்க்காமலே இது அழுகிற படம் என்று சொல்லிவிடுவார்கள்.

எனக்கு இது விளங்கவில்லை என்று ஒரு நாள் சொன்னேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவர் பழைய தட்டி ஒன்றைச் சுவரில் சாத்தினார். வாசற்படியில் ஒரு பெண் நிற்கிறாள், அவ்வளவுதான் படம். பலகையில் விரலால் வேகமாகத் தட்டினார். அவளை யாரோ வீட்டை விட்டு விரட்டுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. பிறகு மெல்ல, இரண்டிரண்டாக, நடந்து வருகிறவர் காலடி போலத் தட்டினார். அதே பெண், அதே வாசல். இப்போது போனவர் யாரோ திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"படம் சும்மாதான் புள்ள நிக்குது. நீதான் காதால கேட்டுக் கதை கட்டுற" என்றார்.

ஜப்பான்காரன் வந்த பிறகு புதுப் படங்கள் நின்றுபோயின. பழைய படங்களே கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பெட்டியில் வரும். ஸ்டேஷனில் பெட்டியை இறக்கிக் கொட்டகைக்குத் தூக்கிப் போவதும் இவர் வேலைதான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை கொட்டகை மேனேஜர் இவரைக் கூப்பிட்டு, மறுநாள் சாயங்காலம் இலவசப் படம், ஆண்களுக்கு மட்டும், தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் போய்ச் சொல்ல வேண்டும் என்றார். அந்த வாரம் பெட்டியே வரவில்லை. என்ன படம் என்று இவர் கேட்டதற்கு ஏதோ ஒன்று என்று பதில் வந்தது. அப்படியானால் என்ன கொட்டு அடிக்க என்று கேட்டார்.

"எந்தக் கொட்டானாலும் சரி" என்று சொல்லிவிட்டு மேனேஜர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். பத்து வருஷத்தில் ஒருவரும் இவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

ரவாங் பக்கம் படம் என்று கூட்டிக் கதவைச் சாத்தி, ஆண்களை லோரியில் ஏற்றிச் சயாமில் ரயில்பாதை போட அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு எங்கள் காதிலும் விழுந்திருந்தது. போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. வெளியே சொன்னால் தலை போகும். சனிக்கிழமை காலை என்னிடம் மட்டும் சொல்லி, நீ போய்த் தம்பியைத் தடு என்றார்.

என் தம்பி தம்புசாமி தோட்டத்தில் பால் வெட்டுகிறவன். இருபத்திரண்டு வயது. சினிமா என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. படம் உண்டு, வண்டி வரும் என்று காலையிலேயே தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்களாம்; நான் இரண்டு மைல் நடந்து போனபோது, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தலை சீவிக்கொண்டிருந்தான். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தான்.

"மச்சானே வண்டியில வராரு, நீ வேண்டாங்குற. அவரு பொய் சொல்ல மாட்டாருலா" என்றான்.

லயத்தில் வரிசையாக முப்பது வீடு. வீட்டுக்கு வீடு ஆண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாசலில் நின்று பேசவும் எனக்கு வாய் வரவில்லை. தம்பியின் பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா, "என்ன சீதா, உன் புருசன் ஆம்பளைங்களுக்கு மட்டும் படம் காட்டுறாராம்? நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று கேலி செய்தாள். நான் தம்பி வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தேன்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. பின்னால் ஒரு ஜப்பான் சிப்பாய் உட்கார்ந்திருந்தான். தகரக் குழாயைப் பிடித்திருந்தவர் தோட்டத்துக் கிராணி கார்த்திகேசு; ஆபீசில் கணக்கெழுதுகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர். இலவசப் படம், வருகிறவர்களுக்கு அரிசியும் உண்டு என்று கத்தினார்.

வண்டி லயத்துக்குள் திரும்பியதும் என் வீட்டுக்காரரின் கொட்டு மாறியது. மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி, நிறுத்தம். சாவுக்கொட்டு.

லயத்தில் அந்தக் கொட்டுக் கேட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. பிணம் எடுக்கும்வரை ஒருவரும் சந்தைக்கோ சினிமாவுக்கோ போக மாட்டார்கள். பெண்கள் வெளியே ஓடி வந்து ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாரியாயி அக்காவின் புருஷன் தலையைக்கூடத் துவட்டாமல் நின்றார். கிராணியின் குரல் அரிசி என்ற சொல்லில் நின்றுபோனது. சிப்பாய்க்கு ஒன்றும் தெரியவில்லை. கொட்டுக்கு ஏற்றபடி முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

என் கண் கிராணியின் மேலேயே இருந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இடத்திலேயே என் தாலி போய்விடும். அவர் குழாயை இறக்கி இவர் பக்கம் குனிந்தார். என்ன சொன்னார் என்று இவர் பிறகு சொல்லித்தான் தெரியும்.

"நிப்பாட்டாதை. அடி."

பிறகு குழாயை எடுத்து மறுபடியும் படம், படம் என்று கத்தினார். அந்தக் கொட்டின் மேல் அது ஒப்பாரி போலவே கேட்டது.

தம்பியின் கையில் சீப்பு அப்படியே இருந்தது.

"யாருக்குக்கா?" என்றான்.

"உனக்குத்தான்டா" என்றேன்.

சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். மாரியாயி அக்கா கொல்லைப் பக்கம் போய் எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டிலும் கேட்டது. அதற்கு அடுத்ததிலும்.

எல்லாரும் தப்பிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தூரத்து லயத்திலிருந்து ஏழு பேர் அரிசிக்காகப் போனார்கள். அந்த ஏழு பேர் பேரையும் இவர் மனப்பாடமாக வைத்திருந்தார். ஆள் ஏன் குறைவு என்று ஜப்பான்காரன் கேட்டதற்கு, லயத்தில் ஒரு சாவு என்று கிராணி சொன்னாராம்.

அன்று அந்தியில் இவர் வீட்டுக்கு வந்து வெகுநேரம் கை கழுவினார். நானும் அடுப்பு மூட்டவில்லை. காலையில் அவித்த மரவள்ளிக் கிழங்கு மீதி இருந்தது, அதை எடுத்து வைத்தேன்.

"தம்பி?" என்றார்.

"வீட்டுலதான் இருக்கான்."

விரல்கள் வீங்கியிருந்தன. கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அடிக்காத கை. அந்த வருத்தம் என்னிடம் இப்போது இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் உள்ளங்கையில் ஒரு விரலால் மெல்லத் தட்டினேன். இரண்டிரண்டாக, நடந்து வருகிறவர் காலடி போல. எனக்குச் சரியாக வரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.