ஒல்லியும் குண்டும்

பல் துலக்கும் பிரஷை வாயில் கவ்வியபடியே அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்றாவது மட்டையை உருவினாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று மெல்ல ஒரு வீச்சு. சரிப்படவில்லை. அதை உள்ளே தள்ளிவிட்டு இன்னொன்றை இழுத்தாள். அது கட்டில் காலில் இடித்து டொக்கென்று சத்தம் போட்டது. கீழே சமையலறையிலிருந்து அண்ணி கூரையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏய் பம்பரம்! முதல்ல வாயைக் கொப்புளி. மட்டை எங்கயும் ஓடிப் போயிடாது."

பம்பரம் என்பது மைதானத்தில் வைத்த பெயர். வயது நாற்பத்தொன்று. இருபது வருடமாகக் கோல்ஃப் ஆடித்தான் சாப்பிடுகிறாள். வென்ற கோப்பைகள் இரண்டு. ஒன்றில் அண்ணி கரண்டிகளைச் செருகி வைத்திருக்கிறாள். இன்னொன்று எங்கே போனதென்று வீட்டில் யாரும் அடித்துச் சொல்ல மாட்டார்கள். ஆடும்போது இடது கைக்கு மட்டும் உறை போடுவதால் அந்தக் கை வெளுத்தும் மற்றது கருத்தும் போய்விட்டன. இரண்டையும் மடியில் வைத்தால் வேறுவேறு ஆட்களின் கைகள் போலிருக்கும். ஆனால் அவள் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

பஸ் நிறுத்தத்தில் நின்றால் குடையைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் ஆட்டிப் பார்ப்பாள். கடைக்குப் போனால் சாமான் தட்டுகளுக்கு நடுவே குத்துக்காலிட்டுத் தரை எந்தப் பக்கம் சரிகிறது என்று ஒற்றைக் கண்ணால் அளப்பாள். அண்ணிக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்த அன்று, வெளியே காத்திருந்த ஒரு பெரியவரின் கைத்தடியை வாங்கி, எடை சரியில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "அவருக்கு நடக்குறதுக்குத்தாண்டி அது வேணும்" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கட்டிலுக்கு அடியில் முப்பத்தொரு மட்டைகள் கிடக்கின்றன. ஆட்டத்துக்கு எடுத்துப் போக அனுமதி பதினாலுக்குத்தான். பதின்மூன்றில் அவளுக்குச் சண்டையே கிடையாது. தகராறெல்லாம் பதினாலாவதில். அதுதான் பந்தைக் கடைசியில் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை, புட்டர். அவளிடம் அதில் இரண்டு. மெல்லிய தலை கொண்ட பழையதற்கு அண்ணி வைத்த பெயர் ஒல்லி. செங்கல் மாதிரி தலை கொண்ட புதியது குண்டு. திங்கட்கிழமை ஒல்லிதான் உயிர் என்பாள். புதன்கிழமை அது ஓரம் கட்டப்பட்டிருக்கும்.

ஆட்டக்காரரோடு மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளருக்குக் கேடி என்று பெயர்; இந்தக் கூத்தில் அப்படி ஏழு பேர் ஓடிப் போனார்கள். எட்டாவதாக வந்தவள் அண்ணி. தொலைபேசி ஆபீஸில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தது போதும் என்று விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மறு வாரமே மட்டைப் பை வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் கோல்ஃப் தெரியாது. இவளைத் தெரியும். அது போதாதா?" என்பது அவள் வாதம். "நாத்தனாருக்கு மூட்டை தூக்குற அண்ணி உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்று கூடவே சேர்த்துக்கொள்வாள்.

போன வருடம் இதே தகுதிப் போட்டியில் நடந்ததை இருவருமே பேசுவதில்லை. பயிற்சிப் புல்தரையில் இரண்டு புட்டரையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தவள், இரண்டையும் பைக்குள் போட்டுவிட்டாள். மூன்றாவது குழிக்கு ஆடப் போகும்போது அவளேதான் பார்த்தாள். பதினைந்து. அவளேதான் நடுவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அடி குறைந்தவர் முந்தும் ஆட்டத்தில், அவள் கணக்கில் நாலு அடி அபராதமாக ஏறியது. மூன்று அடி வித்தியாசத்தில் தகுதி போயிற்று. ஒரு வருடம் சின்னச் சின்னப் போட்டிகளில் அலைந்தாள். அதற்குப் பிறகு ஒரு சட்டம் வந்தது: தொடங்கும் இடத்தில் அண்ணி எண்ணுவாள், எண்ணிய பிறகு பையை அவள் தொடக் கூடாது.

இந்த வருடமும் நாலு நாள் ஆட்டம். முதல் முப்பது பேருக்குத்தான் அடுத்த வருடப் போட்டிகளில் இடம். மூன்று நாள் முடிந்து அவள் இருபத்தெட்டாவது. இதுவும் போனால் பயிற்சிக்கூட முதலாளி நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார், திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். "நல்ல நாற்காலி போட்டுத் தர்றேம்மா. உக்காந்த இடத்துலயே சொல்லிக் குடுக்கலாம்" என்றார். மனிதர் நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடைசி நாள். பெயர் சொல்லி அழைக்கும் மைக்காரர் மேஜையருகே அண்ணி பையை நிறுத்தி ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். "பன்னெண்டு, பதிமூணு, பதினாலு." கையை எடுக்கப் போனவள் நின்றாள். குடை செருகும் ஓரத்தில், பழைய காலுறை மாட்டிய ஒரு மெல்லிய கழுத்து.

"இது என்ன?"

"சும்மா... கூட இருக்கட்டுமேன்னு."

"போன வருஷமும் அது சும்மாதான் இருந்துச்சு."

"கை தானா வெச்சிருச்சு அண்ணி. சத்தியமா, எப்போ வெச்சேன்னு எனக்கே தெரியல."

"சரி, ஒல்லியா குண்டா? சீக்கிரம் சொல்லு."

அவள் இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். உறை போட்ட கையை விரித்து மூடினாள். மைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அண்ணி காலுறையோடு ஒல்லியை உருவி அவர் மேஜைமேல் வைத்தாள்.

"ஏன் அதை எடுத்தீங்க?"

"இதுதான் கைக்கு எட்டுச்சு. போ, பேரைக் கூப்பிடுறாங்க."

நாலாவது குழியில் பந்து விளிம்பில் நின்றது. "ஒல்லியா இருந்தா விழுந்திருக்குமோ?" ஒன்பதாவதில் நேராக விழுந்தது. "ஒல்லியா இருந்தாலும் விழுந்திருக்கும், இல்ல?" பதிமூன்றாவதில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. அவள் வாயைத் திறக்குமுன் அண்ணி முந்திக்கொண்டாள். "ஒல்லி இந்நேரம் மைக்காரரோட டீ குடிச்சிட்டிருக்கும். உன் கையில இருக்குறதைப் பாரு."

பதினேழாவதைத் தாண்டியதும் பலகையில் முப்பதாவது வரிசையில் அவள் இருந்தாள். ஓர் அடி கூடினால் அந்த வரிசையில் வேறு யாரோ. கடைசிக் குழியான பதினெட்டில் மூன்று அடியில் புல்தரைக்கு வந்துவிட்டாள். பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டு கஜம்; ஒரே அடியில் விழுந்தாக வேண்டும். குத்துக்காலிட்டுப் பார்த்தாள். எழுந்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். ஒரு புல்லைக் கிள்ளினாள். மறுபடி இந்தப் பக்கம். அண்ணி கொடிக்கம்பை மார்போடு கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தந்திரம் அதுதான்.

குண்டு பந்தைத் தொட்டது. பந்து நடுவழியில் யோசிப்பது போல் தயங்கி, பிறகு போய் விழுந்தது.

அண்ணி கொடிக்கம்பைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். "முப்பதாவது ஆளுடி! கடைசி சீட்டு! அந்த நாற்காலியில அவரே உக்காரட்டும்!" அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், கணக்குத் தாளில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு ஒரு முறைக்கு மூன்று முறை சரிபார்த்தாள்.

மைக்காரர் காலுறையோடு ஒல்லியைக் கொண்டுவந்து நீட்டினார். "வாழ்த்துகள்மா. இதை மறந்துடாதீங்க."

அண்ணி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணோம். பயிற்சிப் புல்தரையில் நின்றுகொண்டிருந்தாள். குழியிலிருந்து இரண்டு கஜத்தைக் காலால் அளந்து, பந்தை வைத்து, காலுறையை உருவி எறிந்திருந்தாள்.

"அடியேய்! அதான் கெடைச்சிருச்சே! வீட்டுக்கு வா!"

"ஒரே ஒரு தடவை அண்ணி. இதுலயும் விழுந்திருக்குமான்னு மட்டும் பாத்துட்டு வந்துடுறேன்."

ஒல்லி பந்தைத் தொட்டது. பந்து தயங்காமல் போய், நட்டநடுவில் விழுந்தது. அவள் முகம் சுருங்கியது. குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்தாள், ஒரு கஜம் பின்னால் தள்ளி வைத்தாள்.