கோடை வகுப்பும் மாமாவின் கையும்

மாமாவின் குத்து என் இடது கண்ணில் விழுந்தபோது வலி உடனே தெரியவில்லை. முதலில் சத்தம்தான். என் மண்டைக்குள் யாரோ கதவை அறைந்து சாத்தியதுபோல. அந்தக் குத்து எனக்கானதில்லை. குறுக்கே போனது நான்தான்.

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரில், நோர்பரி மண்டபமொன்றில் உறவுக்காரப் பிள்ளையின் சாமத்திய வீடு, பூப்புனித நீராட்டு விழா. அடுத்த நாள் காலை நான் இரண்டு வாரக் கோடை வகுப்பொன்றுக்குப் புறப்பட இருந்தேன். பல்கலைக்கழகத்துக்கு இன்னும் விண்ணப்பிக்காத பள்ளிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கவைத்து நடத்தும் வகுப்பு அது. மாமா, அம்மாவின் தம்பி, ஊரில் நடந்த யுத்தத்துக்குள் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அப்பா இல்லாத எங்கள் வீட்டைத் தூக்கி நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்கப்போகிற முதல் ஆள் நான். யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக விடுதியில் கட்டில் கிடைப்பது எடுபட்டவனுக்கு, அதாவது படிக்கத் தேர்வானவனுக்குத்தான். எனக்குக் கோடை வகுப்பில் விடுதி அறை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நான் எடுபட்டுவிட்டேன் என்றே மாமா முடிவுகட்டிவிட்டார். "இல்லை மாமா, இனித்தான் அப்ளை பண்ணோணும்" என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. "சும்மா இரடா, கண்ணூறு படுமெண்டு மறைக்கிறாய்" என்று சிரித்தார்.

மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கினார். "என்ர மருமோன் யூனிவர்சிற்றிக்கு எடுபட்டிட்டான்!" சனம் கைதட்டியது. முன்மேசையில் இருந்த கணக்காளர் ஒருவர் மட்டும் உரக்கச் சிரித்தார். மகளை மெய்யாகவே மருத்துவம் படிக்க அனுப்பியவர் அவர். "அண்ணை, அது சம்மர் காம்ப். இனி மிருகக்காட்சிசாலை பாக்கப் போன பிள்ளையளும் எடுபட்டதெண்டு சொல்லுவியள் போல."

மாமா மைக்கைக் கீழே வைக்கவில்லை. அதாலேயே கணக்காளரின் முகத்தில் அடித்தார். மூக்கெலும்பு உடைந்த சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. மேசை கவிழ்ந்தது. பாயாசத்தில் இரத்தம் கலந்து தரையில் ஓடியது. கணக்காளரின் மச்சான் கதிரையைத் தூக்க, மாமா அவனுக்குக் கையை ஓங்க, நான் நடுவில் பாய்ந்து அந்தக் குத்தை வாங்கினேன். பொலிஸ் விலங்கு போட்டு இழுத்துப் போகும்போதும் மாமா கத்தினார்: "நாளைக்கு ட்ரெயினைத் தவறவிட்டிடாதை!"

மூடிய கண்ணோடுதான் போனேன். முதல் வகுப்பிலேயே ஒரு பெண் எல்லாருக்கும் முன்னால் நான் சொன்னது பிழை என்றாள். மேசைக்குக் கீழே என் விரல்கள் தாமாக மடங்கி இறுகின. குனிந்து பார்த்தேன். அது மாமாவின் கை. எனக்கு என்னைக் கண்டே பயம் பிடித்தது. அங்கே ஒருவரையொருவர் வெட்டி வெட்டிப் பேசினார்கள், காரணம் சொன்னார்கள், இடைவேளையில் பிஸ்கட்டைப் பங்கிட்டுத் தின்றார்கள். அப்படியும் மனிதர் இருக்கலாம் என்பது எனக்குப் புதிது.

இப்போது நாங்கள் இருக்கும் மோர்டனில் தாய்மார் என்னை மறித்துக் கேட்கிறார்கள்: "தம்பி, அந்தக் கோடை வகுப்புக்கு விட்டால் யூனிவர்சிற்றியில இடம் கிடைக்குமோ?" அதால் மட்டும் கிடைக்காது அன்ரி என்கிறேன். பல்கலைக்கழக நேர்முகத்தில் அந்த வகுப்பைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஆனால் பேராசிரியர் என் விடைகளை அடுத்தடுத்து மறுத்தபோது என் கை விரிந்தபடியே இருந்தது. நின்று, திரும்ப யோசிக்க முடிந்தது. வகுப்பு எனக்குத் தந்தது அதைத்தான்.

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். வழக்கு முடிந்து, நீதிமன்றம் விதித்தபடி சனிக்கிழமைகளில் பூங்கா கூட்டிக்கொண்டிருந்த காலம். "பாத்தியே! நான் அண்டைக்கே சொன்னனான். அந்தக் கணக்காளன்தான் பொய்யன்."

"இல்லை மாமா. அவர் சொன்னது சரி. நீங்கள்தான் பிழை."

எங்கள் வீட்டில் அவர் முகத்துக்கு நேரே அப்படி யாரும் சொன்னதில்லை. எழும்பினார். கை இறுகியது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தா. நான் பின்வாங்கவில்லை. இடது கண் மட்டும் தானாக மூடிக்கொண்டது. மாமா அந்தக் கண்ணையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையை இழுத்து எனக்கு எதிரே போட்டு இருந்தார்.

"எங்க பிழை? சொல்லு."